நாற்காலி கேட்கும் கால்கள்

பெங்களூரில் நின்றுகொண்டே சாப்பிடுவது நாற்பது ஆண்டுப் பழக்கம். 1980களில் ஜெயநகர்ப் பக்கம் தொடங்கிய தர்ஷினி உணவகங்கள் நாற்காலியைத் தூக்கிவிட்டு, நெஞ்சுயரத்துக்கு ஒரு மேசையைப் போட்டன. இட்லி வடை, கடைசியில் அரை டம்ளர் காபி, பத்து நிமிடத்தில் ஆள் வெளியே. விலை குறைந்தது, நேரம் மிச்சமானது, நகரம் அதைக் கொண்டாடியது. வாடிக்கையாளர் நிற்பது அந்தப் பத்து நிமிடம்தான். தோசைக்கல்லுக்குப் பின்னால் இருப்பவரோ விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்தது முதல் இரவு கல்லைத் துடைத்து வைக்கும்வரை நிற்கிறார். நடுவில் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கலாம். உட்கார ஒரு ஸ்டூல் கிடைப்பது அரிது.

மென்பொருள் நகரம் என்று பெயரெடுத்த ஊரில், நின்று சம்பாதிப்பவர்களின் எண்ணிக்கை நம் கண்ணில் படுவதில்லை. சிக்பேட்டையிலும் கமர்ஷியல் தெருவிலும் புடவை விரித்துக் காட்டுபவர்கள், மால்களில் வாசனைத் திரவியம் விற்கும் பெண்கள், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுபவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி, சில்க் போர்டு சந்திப்பில் புகையைக் குடித்தபடி நிற்கும் போக்குவரத்துக் காவலர், வார்டுக்கும் வார்டுக்கும் இடையே ஓடும் செவிலியர். பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலை எங்கும் பரந்து கிடக்கும் கார்மென்ட்ஸ் ஆலைகளில் தையல் மிஷினில் இருப்பவருக்காவது ஒரு முக்காலி உண்டு. செக்கிங், அயர்ன், கட்டிங், பேக்கிங் பிரிவுகளில் பெரும்பாலோர் ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை செய்கிறார்கள். கர்நாடகத்தின் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, ஜார்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் இவர்களில் இருக்கிறார்கள்.

இவர்களில் பலருக்கு மாலையானால் கால் கடுக்கும், கெண்டைக்கால் இழுக்கும், பாதம் வீங்கி செருப்பு இறுகும், ராத்திரியில் குறக்களி பிடிக்கும். சில ஆண்டுகள் போனால் முழங்காலுக்குக் கீழே பச்சையும் நீலமுமாகக் குழாய்கள் புடைத்து நெளியத் தொடங்கும். ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்பார்கள். வயதாகிவிட்டது என்றோ, பிள்ளை பெற்ற உடம்பு என்றோ, அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது என்றோ காரணம் சொல்லி முடித்துக்கொள்வார்கள். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் நான்காவது காரணத்தை யாரும் சொல்வதில்லை. அது வேலை. அதை மட்டும்தான் நம்மால் மாற்ற முடியும் என்பதால், அதைப் பற்றித்தான் நாம் உரக்கப் பேச வேண்டும்.

ரத்தம் ஏறிவரும் வழி

நரம்பு என்று வழக்கில் சொன்னாலும் சுருண்டு புடைப்பது ரத்தக்குழாய்தான்; உடலெங்கும் போன ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரை. அனுப்புவதற்கு இதயத்தின் விசை இருக்கிறது. பாதத்திலிருந்து நாலடி உயரம் மேலே திரும்பி வர, அந்த விசை மட்டும் போதாது.

பெங்களூர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. நம் வீட்டுக் குழாயில் வரும் காவிரி தானாக ஓடி வருவதில்லை. தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் பம்ப் செய்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்தையும் ஐந்நூறு மீட்டர் உயரத்தையும் கடக்க வைக்கிறார்கள். ஏறிய தண்ணீர் பின்னோக்கி இறங்கிவிடாமல் ஒருவழி வால்வுகள் காக்கின்றன. காலில் அந்தப் பம்ப், கெண்டைக்கால் தசை. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அது இறுகி, உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் சிறு இதழ்களைப் போல அமைந்த வால்வுகள் மேலே போன ரத்தம் கீழே விழாமல் மூடிக்கொள்கின்றன. இந்த வால்வுகளை 1603இல் பதுவா நகரத்து ஃபேப்ரிசியஸ் படம் வரைந்து விவரித்தார். ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628இல் உலகுக்குச் சொன்ன வில்லியம் ஹார்வி அவருடைய மாணவர். நவீன மருத்துவத்தின் அடிவாரத்திலேயே இந்த வால்வுகள் இருக்கின்றன.

ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். இதயத்திலிருந்து கணுக்கால்வரை உள்ள ரத்தத் தூணின் எடை முழுவதும் அங்கே இறங்குகிறது. அவரைப் பத்தடி நடக்கச் சொன்னால் அதே அழுத்தம் 30க்கும் கீழே போய்விடும். அந்தப் பத்தடியில்தான் இந்த நோயின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. நடப்பவருக்குக் கால் பம்ப் வேலை செய்கிறது. ஒரே இடத்தில் நிற்பவருக்கு அது நின்றுபோகிறது. மணிக்கணக்கில் 90 அளவு அழுத்தம் சிரையின் சுவரை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

சுவர் தளர்ந்து குழாய் விரியும்போது வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாமல் போகும். இடைவெளியில் ரத்தம் கீழே கசியும். அந்தச் சுமை கீழே உள்ள அடுத்த வால்வின் மேல் விழ, அதுவும் விலகும். தோலுக்கு அருகே ஓடும் சிரைகளுக்குத் தசையின் அரவணைப்பு இல்லை. தொடையின் உட்புறமாகத் தொடங்கிக் கணுக்கால்வரை வரும் நீண்ட சிரைதான் பெரும்பாலும் முதலில் புடைப்பது. சுவர் முதலில் கெடுகிறதா, வால்வு முதலில் கெடுகிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான்: நடந்தாலும் அழுத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது.

எல்லாப் புடைப்பும் ஒன்றல்ல. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில், சிவப்பாகவோ ஊதாவாகவோ சிலந்தி வலைபோலத் தோலில் படர்பவை சிலந்திச் சிரைகள். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டி, நிற்கும்போது கையால் தடவினால் கயிறுபோலத் தட்டுப்படுபவை சுருள்சிரைகள். மருத்துவமனையில் வெரிகோஸ் வெயின் என்பார்கள். சிலந்திச் சிரைகள் மிகச் சாதாரணம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1990களில் 18 முதல் 64 வயதுவரை 1,566 பேரின் கால்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் லேசான சிலந்திச் சிரைகள் இருந்தன. வலி, வீக்கம் ஏதும் இல்லாமல் அவை மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அழகு கருதி நீக்கிக்கொள்வது அவரவர் விருப்பம். அதையே பெரிய நோயாகக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பறிப்பதை மட்டும் ஏற்க முடியாது.

அதே ஆய்வு இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. சுருள்சிரை பெண்களின் நோய் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எடின்பரோவில் ஆண்களில் 40 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 32 விழுக்காட்டினருக்கும் அது இருந்தது. வேறு ஊர்களின் ஆய்வுகளில் பெண்களே அதிகம் என்ற கணக்கும் உண்டு. ஆனாலும் ஆணின் கால் தப்பித்தது என்று யாரும் சொல்ல முடியாது. பேண்ட்டுக்குள் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பரம்பரை, பிரசவம், வேலை

பரம்பரையின் பங்கு பெரிது. பிரான்ஸில் 1994இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளிகளோடு அவர்களின் பெற்றோரையும் நேரில் பரிசோதித்தது. தாய், தந்தை இருவருக்கும் சுருள்சிரை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 90 விழுக்காடு. ஒருவருக்கு மட்டும் இருந்தால் மகளுக்கு 62, மகனுக்கு 25. இருவருக்குமே இல்லாவிட்டாலும் 20. உயரமானவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது 2018இல் பிரிட்டனின் லட்சக்கணக்கானோரின் மரபணுத் தரவிலிருந்து தெரியவந்தது. ரத்தத் தூண் நீளமாக இருந்தால் எடையும் கூடும் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. வயது, உடற்பருமன், முன்பு எப்போதோ ஆழ்சிரையில் ரத்தம் உறைந்த வரலாறு ஆகியவையும் பட்டியலில் உண்டு.

கர்ப்பகாலத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வயிற்றில் பிள்ளை வளரும்போது தாயின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் சிரைச் சுவர்களைத் தளர்த்துகிறது. பெரிதாகும் கருப்பை இடுப்பிலுள்ள பெரிய சிரைகளை அழுத்துகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் பல பெண்கள் முதல் கர்ப்பத்தில் கால் சிரைகள் புடைப்பதைக் காண்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் வடிந்துவிடும். அடுத்தடுத்த கர்ப்பங்களில் மிச்சம் தங்கும். இதைத் தெரிந்துதான் 1961ஆம் ஆண்டின் பிரசவகால நலச் சட்டம் ஒரு வரி எழுதியது: பிரசவத்துக்கு முந்தைய குறிப்பிட்ட வாரங்களில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், கடினமான வேலையையோ நீண்ட நேரம் நிற்க வேண்டிய வேலையையோ அவருக்குக் கொடுக்கக் கூடாது. நீண்ட நேரம் நிற்பது உடலுக்குச் செய்யும் தீங்கை இந்த நாட்டின் சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. ஆனால் கேட்கும் துணிச்சல் எத்தனை பெண்களுக்கு இருக்கிறது? டார்கெட் முடியாவிட்டால் சூப்பர்வைசரிடம் வசவு வாங்கும் இடத்தில், ‘நிற்க முடியவில்லை’ என்ற சொல் வேலையை விட்டுவிடச் சொல்லும் அழைப்பாகிவிடும் என்ற பயம் உண்மையானது.

இனி வேலை. டென்மார்க்கில் வேலைக்குப் போகும் மக்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றோ நடந்தோ கழிப்பவர்கள் சுருள்சிரைக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆண்களில் 1.75 மடங்கு, பெண்களில் 1.82 மடங்கு. வேலை செய்யும் வயதில் வரும் சுருள்சிரைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இந்த நிற்றலே காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பெற்றோரை நம்மால் மாற்ற முடியாது, உயரத்தைக் குறைக்க முடியாது, வயதை நிறுத்த முடியாது. அந்த ஐந்தில் ஒரு பங்கு மட்டும் நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஒரு ஸ்டூலின் விலைதான் அதற்குச் செலவு.

டென்மார்க்கின் தொழிலாளிக்குச் சட்டத்தின் காவலும் வலுவான சங்கமும் உண்டு. அங்கேயே இந்தக் கணக்கு என்றால், நீராவி அயர்ன் பெட்டியின் வெக்கையில் சிமென்ட் தரையில் நிற்கும் பெண்ணின் கால் என்ன ஆகும்? வெப்பம் சிரைகளை மேலும் விரிக்கும். அடுப்படியில் நிற்கும் சமையல்காரருக்கும் இதே கதிதான்.

இந்தச் சூழலில்தான் கர்நாடகம் 2023இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. வாரத்துக்கு 48 மணி என்ற உச்சவரம்புக்குள் ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்கலாம் என்றது. மூன்று மாதத்துக்கு 75 மணி என்றிருந்த ஓவர்டைம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. முதலீடு வரும், வேலைவாய்ப்பு பெருகும், பெண்கள் இரவுப் பணியும் பார்க்கலாம் என்றெல்லாம் பேசப்பட்டது. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் நிற்கப்போகும் கால்களைப் பற்றிய பேச்சு எழவே இல்லை.

ஆறாத புண்

சுருள்சிரையை அழகுக் குறையாக மட்டும் பார்ப்பதன் விலை என்ன என்பது அதன் கடைசிக் கட்டத்தில் தெரியும். தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தில் சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து, அவற்றிலுள்ள இரும்புச் சத்து படிந்து, கணுக்காலுக்கு மேல் தோல் கறுக்கும். அரிக்கும். பிறகு தோல் தடித்து மரத்துண்டுபோலாகும். ஒருநாள் கொசுக்கடியைச் சொறிந்த இடத்திலோ, கட்டில் கால் இடித்த இடத்திலோ புண் வரும். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆறாது.

நம் ஊரில் காலில் புண் ஆறவில்லை என்றதும் ‘சுகர் இருக்கும்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். சர்க்கரை நோயாளிக்கு வரும் புண் பெரும்பாலும் பாதத்தின் அடியிலும் விரல்களிலும் வரும். சிரைப் புண் கணுக்காலின் உட்புறத்துக்குச் சற்று மேலே, கறுத்த தோலின் நடுவே வரும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. சிரைப் புண்ணுக்குக் களிம்பு மாற்றி மாற்றித் தடவுவதும், பச்சிலை அரைத்துக் கட்டுவதும் ஏற்கெனவே நொந்த தோலில் ஒவ்வாமையைக் கூட்டும். அதற்குத் தேவை அழுத்தக் கட்டு. உள்ளே கசியும் சிரையை மூடுவதும் தேவை. 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், கட்டுப் போடுவதோடு பழுதான சிரையையும் உடனே மூடியவர்களுக்கு 56 நாளில் பாதிப் பேருக்குப் புண் ஆறியது. சிரை சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அதே நிலையை எட்ட 82 நாள் ஆனது. தினக்கூலிக்காரரின் வீட்டில் இருபத்தாறு நாள் என்பது ஏறக்குறைய ஒரு மாத அடுப்பு.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புடைத்த சிரை அடிபட்டு உடைந்தால் வலி பெரிதாக இருக்காது, ரத்தம் மட்டும் பீறிடும். பதறி எழுந்து நடக்காதீர்கள். படுத்து, காலை இதயத்துக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியை வைத்து அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். தொடையில் கயிறு இறுக்கிக் கட்டினால் நிலைமை மோசமாகும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், குறிப்பாகக் கூடவே மூச்சும் வாங்கினால், அது ஆழ்சிரையில் ரத்த உறைவாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அந்தக் காலத்தில் சிரையை உருவி எடுக்கும் பெரிய அறுவைச் சிகிச்சைதான் கதி. இப்போது டாப்ளர் ஸ்கேனில் எந்த வால்வு கசிகிறது என்று பார்த்து, மெல்லிய இழையை உள்ளே செலுத்தி லேசராலோ ரேடியோ அலையாலோ அந்தச் சிரையை மூடிவிடுகிறார்கள். நுரை மருந்து ஊசியும் உண்டு. அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமான நைஸ் 2013இலேயே வெப்ப முறையை முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. பெங்களூரில் ரத்தநாளச் சிகிச்சைக்கென்றே பெயர்பெற்ற மையங்கள் இருக்கின்றன. நகரின் விளம்பரப் பலகைகளிலும் கைபேசித் திரையிலும் ‘அரை மணியில் லேசர்’ வாக்குறுதிகளும் நிறையவே இருக்கின்றன.

நான் லேசருக்கு எதிரி அல்ல. ஸ்கேன் எடுக்காமலேயே லேசர் என்று சொல்லும் இடத்துக்கு எதிரி. கார்மென்ட்ஸ் தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும் சிகிச்சையை அவருக்குச் செய்து, மறுவாரமே அதே இடத்தில், அதே பத்து மணி நேரம் நிற்க அனுப்புவதில் என்ன நியாயம் இருக்கிறது? ஒரு சிரையை மூடலாம். நிற்கும் வேலை தொடர்ந்தால் காலம் போகப் போக அடுத்த சிரை புடைக்கும்.

அழுத்தக் காலுறை நல்ல துணை. காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறும் முன் போட்டு, இரவு படுக்கும்போது கழற்ற வேண்டும். நோயைப் போக்காது, வீக்கத்தையும் கடுப்பையும் குறைக்கும். காலின் தமனிகளில் அடைப்பு உள்ளவர்கள், குறிப்பாகப் புகைபிடிப்பவர்களும் நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளும், மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. பெங்களூரின் மிதமான வானிலை இதற்கு ஒரு வரம் என்றே சொல்வேன். சென்னையின் மே மாதத்தில் இதைப் போட்டுக்கொண்டு நிற்பது தனித் தவம். விலைதான் தடை. தரமான ஒரு ஜோடி ஆயிரத்துக்கு மேல் போகிறது, சில மாதங்களில் இழுவை தளர்ந்துவிடும். ஷூவும் சீருடையும் தரும் நிறுவனம் காலுறையும் தந்தால் என்ன?

ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கு மருத்துவம் உண்டு. ஆனால் விடுப்புக் கணக்கில் ஒரு பெரிய அநீதி இருக்கிறது. சாதாரண நோய் என்றால் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்வரை. வேலையால் வந்த பாதிப்பு என்று ஏற்கப்பட்டால் 90 விழுக்காடு. சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் ஈய நஞ்சு இருக்கிறது, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருக்கிறது. சுருள்சிரை இல்லை. இருபது ஆண்டு நின்று காலில் புண்ணோடு படுத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் ஏதோ பரம்பரை நோயாளி.

உட்காரும் உரிமை

நிற்கும் வேலைக்கு நாற்காலி கேட்பது புதிய கோரிக்கை அல்ல. கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மூன்று பேருக்கு ஓர் இருக்கை போட வேண்டும் என்று பிரிட்டன் 1899இலேயே சட்டம் போட்டது. அப்போது பெங்களூர் தண்டும் (கன்டோன்மென்ட்) அதே விக்டோரியா மகாராணியின் ஆட்சியில்தான் இருந்தது. சட்டம் மட்டும் கடலைக் கடந்து வரவில்லை. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்றது. உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை என்று தோன்றினால், இருக்கை போடும்படி தலைமை ஆய்வாளர் எழுத்துமூலம் உத்தரவிடலாம் என்றும் சொன்னது. அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் நிற்போருக்கு உட்கார வசதி வேண்டும் என்கிறது. எழுத்தில் குறையே இல்லை.

கடைகளின் கதை வேறு. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைப் பெண்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்கார இடம் கேட்டார்கள். திருச்சூரில் துணிக்கடைப் பெண்கள் 2014இன் இறுதியில் தொடங்கி மாதக்கணக்கில் போராட்டத்தில் இருந்தார்கள். கேரளம் 2018இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது; அதே ஆண்டு பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் வந்தது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் கடைப் பிள்ளைகளின் வாழ்வை 2010இலேயே ‘அங்காடித் தெரு’ படத்தில் பார்த்துக் கண்ணீர் விட்ட தமிழ்நாட்டுக்கு, சட்டம் வர 2021 செப்டம்பர் ஆனது. அப்போதைய தொழிலாளர் நலத் துறை அமைச்சர் சி.வெ.கணேசன் கொண்டுவந்த திருத்தம் 22ஏ பிரிவாகச் சேர்ந்தது: ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும்.

சட்டம் வந்தும் பல கடைகளில் நாற்காலி மூலையில் கிடக்கிறது. உட்கார்ந்தால் கேமராவில் தெரியும் என்று பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் சட்டம் இருக்கும் இடத்தில், கேள்வி கேட்க ஒரு பிடி இருக்கிறது. இல்லாத இடத்தில் கெஞ்சத்தான் முடியும்.

உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு, வியாபாரம் கெடும் என்பதுதான் முதலாளிகள் சொல்லும் பதில். இந்த நகரத்தின் சிக்பேட்டையே அதற்கு மறுப்பு. அங்குள்ள பழைய பட்டுப் புடவைக் கடைகளில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் விற்பவரும் உட்கார்வார், வாங்குபவரும் உட்கார்வார். தலைமுறை தலைமுறையாகக் கல்யாணப் புடவைகள் அப்படித்தான் விற்றிருக்கின்றன. யாரும் மரியாதை குறைந்ததாக எழுந்து போனதில்லை. நிற்க வைப்பது நம் வியாபார மரபு அல்ல; கண்ணாடிக் கதவோடு சேர்ந்து வந்த பழக்கம்.

கர்நாடக அரசு செய்ய வேண்டியது கடினமானதல்ல. 1961ஆம் ஆண்டின் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தில் கேரளமும் தமிழ்நாடும் எழுதிய வரியை எழுத வேண்டும். அதில் உணவக அடுப்படியும் செக்யூரிட்டியின் வாசலும் சேர வேண்டும். ஆலைகளுக்குப் போகும் ஆய்வாளர் தீயணைப்புக் கருவியை எண்ணுவதுபோல செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல்களையும் எண்ண வேண்டும். வேலைகளை மாற்றி மாற்றித் தந்து, இரண்டு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடக்கவிட வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் கெண்டைக்காலுக்கு ஆகாது. நிற்கவும் உட்காரவும் நடக்கவும் மாறி மாறி இடம் கிடைப்பதே சிரைகளுக்கு வேண்டியது. மத்திய அரசு, நீண்ட காலம் நின்று வேலை செய்தவரின் சிரைப் புண்ணைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும். போக்குவரத்துக் காவலர்களின் ஆண்டுப் பரிசோதனையில் ரத்த அழுத்தத்தோடு காலையும் பார்க்க வேண்டும்.

நின்று வேலை செய்பவர் நீங்களானால், இருக்கை வரும்வரை காத்திருக்காமல் இன்றே தொடங்குங்கள். நிற்கும் இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், ஒரு தடவைக்கு இருபது முறை. கெண்டைக்கால் பம்ப் ஓடும். வீட்டுக்குப் போனதும் கால் மணி நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்திப் படுங்கள். கணுக்காலில் தோல் கறுக்கிறது, அரிக்கிறது என்றால் ஈ.எஸ்.ஐ.யிலோ பவுரிங், விக்டோரியா போன்ற அரசு மருத்துவமனையிலோ புண் வருவதற்கு முன்பே காட்டுங்கள். வாங்கப் போகிறவர் நீங்களானால், புடவை காட்டும் பெண்ணிடம் ‘உட்கார்ந்து காட்டும்மா’ என்று சொல்லுங்கள். கல்லாவில் இருக்கும் முதலாளியின் காதில் விழும்படி சொல்லுங்கள்.